மீன் ஏலக்கூடத்தில் பங்க் ராக்: திருவேட்டக்குடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மே மாதக் கடைசியில், வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு வார இறுதியில், எழுபத்திரண்டு வயதில், இரண்டு கேமராக்களோடும் ஒத்துழைக்காத ஒரு முழங்காலோடும் நான் காரைக்காலுக்குப் போனதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். எழுதியவர் பெயர் ரெஜினா. வயது இருபத்து நான்கு. காரைக்காலில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர்.

'மேடம், உங்கள் தளத்தில் சிலம்பப் போட்டிப் படங்களைப் பார்த்தேன். கம்பு சுழலும்போதும் முகம் தெளிவாக இருக்கிறது. எங்கள் படங்களில் நாங்கள் சும்மா நின்றால்கூடக் கலங்கலாகத்தான் இருக்கிறோம்' என்று தொடங்கியது கடிதம். புகழ்ச்சி எனக்குப் பிடிக்கும். அதிலும் காரணத்தோடு கூடிய புகழ்ச்சி. முழுவதையும் படித்தேன்.

ரெஜினா, இத்ரீஸ், செல்வமணி மூவரும் சேர்ந்து எட்டு மாதங்களாக ஒரு பங்க் ராக் குழு நடத்துகிறார்கள். குழுவின் பெயர் 'தடைக்காலம்'. ரெஜினா பாடிக்கொண்டே கிடார் வாசிப்பார், இத்ரீஸ் பேஸ் கிடார், செல்வமணி டிரம்ஸ். ஜூலையில் சென்னையில் நடக்கவிருந்த ஒரு புதிய குழுக்களுக்கான விழாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். பாடல்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் பார்வையாளர்கள் முன்னிலையில் நீங்கள் வாசிக்கும் புகைப்படம் ஒன்று வேண்டும், ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் இடம் அடுத்த குழுவுக்குப் போய்விடும் என்று பதில் வந்திருந்தது. அவர்கள் அதுவரை பார்வையாளர்கள் முன்னிலையில் வாசித்ததே இல்லை. ஆகவே அதே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முதல் கச்சேரியை வைத்துவிட்டு, படமெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ரெஜினாவிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"இத்ரீஸ் துபாய் போயிடுவான் மேடம். அவங்க வாப்பா அங்கதான் வேலை பாக்குறாரு, விசா எடுத்து வச்சிட்டாரு. மேடை ஏறுற மாதிரி ஏதாவது நடந்தா இருந்துக்க, இல்லன்னா கெளம்புன்னு சொல்லிட்டாரு. அவன் போயிட்டா நாங்க ரெண்டு பேரு என்னத்த பண்றது?"

போகிறேன் என்று சொன்னேன்.

பங்க் ராக் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிடாரில் மூன்று பிடி, இரண்டு நிமிடப் பாட்டு, மட்டுப்படுத்தப்படாத கோபம். கிடாரின் ஒலி சுத்தமாக வரக்கூடாது. கிழிந்து கரகரத்து வரவேண்டும். இந்தக் கடைசி விதியை மறந்துவிடாதீர்கள். மொத்தப் பயணமும் இதன்மேல்தான் நின்றது. காரைக்காலில் இந்த இசை இப்போதுதான் முளைக்கிறது. மொத்தம் இரண்டு குழுக்கள். மற்றொரு குழுவிடம் டிரம்ஸ் கிடையாது. ரசிகர்கள் ஏறக்குறைய முப்பது பேர். அவர்களில் பாதிப் பேர் உறவினர்கள்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கும்பகோணத்தில் பேருந்து ஏறினேன். காரைக்கால் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். ஆனால் நான் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னதாகவே அம்பகரத்தூரில் இறங்கவேண்டியிருந்தது, ஒத்திகை அங்கே. கட்டணம் 38 ரூபாய். ஜன்னலோர இடம் வேண்டுமென்றால் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். எல்லை தாண்டியதும் விலை குறையும் ஒரு பொருளுக்காகக் காலை ஆறு மணிக்கே பயணப்படும் ஆண்கள் எனக்கு முன்பே ஜன்னல்களைப் பிடித்துவிட்டிருந்தார்கள். 7.45க்கு இறங்கினேன்.

ஒத்திகை நடக்கும் இடம் கலியபெருமாள் என்பவரின் கிடங்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர். மைக் செட் வாடகைக்கு விடுபவர். சுற்றுவட்டாரத்தில் அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், தர்கா கந்தூரி, காதுகுத்து எல்லாவற்றுக்கும் அவருடைய ஒலிபெருக்கிகள்தான். இந்த மூவருக்கும் சனிக்கிழமைகளில் கிடங்கைச் சும்மாவே கொடுக்கிறார். நல்ல மனிதர். அந்த நல்ல மனத்தால்தான் குழுவின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"வாங்கம்மா, வெயிலுக்கு முன்னாடி வந்துட்டீங்க. காபி சொல்லட்டுங்களா?" என்றார்.

ரெஜினா கிடாரை வாசித்துக் காட்டினார். பாலர் வகுப்புப் பிரார்த்தனைபோல் தெளிவாக ஒலித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையில் இருந்த சிறிய இரும்புப் பெட்டியைக் கண்ணால் காட்டினார். கிடாரின் ஒலியைக் கிழிப்பதற்கென்றே காலால் மிதித்து இயக்கும் பெட்டி அது.

"போன வாரம் நாங்க டீ குடிக்கப் போயிருந்தோம் மேடம். திரும்பி வந்தா அண்ணன் இத ரிப்பேர் பண்ணி வச்சிருக்காரு."

"பின்ன என்னங்கம்மா?" என்றார் கலியபெருமாள் பெருமையாக. "பாவம், புள்ளைங்க காசு போட்டு வாங்கிருக்கு, கடைக்காரன் ஏமாத்திட்டான். கொரகொரன்னு சத்தம். தொறந்து பாத்தா உள்ள சர்க்யூட்டே தப்பு. எடுத்துட்டு வேற போட்டேன். இப்ப கேளுங்க, பால் மாதிரி வருது. காசுகூட வாங்கல."

"அண்ணே, அந்தக் கொரகொரதாண்ணே பாட்டு" என்றார் இத்ரீஸ். நூறாவது முறையாகச் சொல்கிறவரின் குரல்.

"தம்பி, நாளைக்கு மேடையில தொங்கப்போறது என் போர்டு. கிழிஞ்ச சத்தத்துக்கு ஊரு என்னையத்தான் ஏசும், உன்னைய ஏசாது."

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள். பெட்டியைத் திறந்து பார்த்தேன். மிக நேர்த்தியான பற்றவைப்பு. ஒரே நாளில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத அளவுக்கு நேர்த்தி. பெட்டி போனது போனதுதான். மீதமிருந்த வழி ஒன்றே ஒன்று: கலியபெருமாளின் பழைய ஆம்ப்ளிஃபையர். அதன் குமிழைப் பத்தாம் எண்ணுக்குத் திருப்பினால் அதுவே தாங்காமல் ஒலியைக் கிழிக்கும். கிடார் அதன் வழியாகவே போனால் போதும். அதை அவரிடம் கேட்டேன்.

"பத்தா?" அவர் சிரித்தார். "எங்க தொழில்ல ஒரு கணக்கு இருக்குங்கம்மா. கூட்டம் ஒக்காந்திருந்தா ஆறு. எந்திரிச்சி நின்னா எட்டு. சாமி வந்து ஆடுனாத்தான் பத்து. இருபத்தஞ்சு வருசமா இதான். ஒக்காந்திருக்கிற சனத்துக்குப் பத்து வச்சா பொட்டி எரிஞ்சிடும், இல்ல என்னைய எரிச்சிடுவாங்க."

எவ்வளவு கேட்டும் அவர் அசையவில்லை. கறாராக வேலை செய்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அன்றைக்கு மட்டும் அந்த மரியாதை சற்றுக் குறைந்தது.

அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்கு நகரப் பேருந்து, 15 ரூபாய், முப்பது நிமிடம். பேருந்து நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் குளிர்சாதன அறை 1,100 ரூபாய்க்குக் கிடைத்தது. ஜன்னல் உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சுவரைப் பார்த்த அறையைத் தருவார்கள். வழி கேட்கும்போது வயதானவர்கள் "மேரிக்குப் பக்கத்துல" என்றால், அது நகராட்சி அலுவலகம், பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயர். மாலையில் அரசலாறு கடலில் கலக்குமிடம்வரை நடந்தேன். ஊர் முழுவதும் அங்கே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறது. நடப்பதற்கு நல்ல இடம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை மாதா கோயில் பூசை முடிந்து ரெஜினா பதினொரு மணிக்கு என் விடுதிக்கு வந்தார். கோட்டுச்சேரி வழியாகத் திருவேட்டக்குடி பத்துக் கிலோமீட்டர். ஆட்டோ 250 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ஓட்டுநர் கிடாரைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குப் பாடப் போறீங்களா?" என்றார். "இல்லண்ணே, திட்டப் போறோம்" என்றார் ரெஜினா. ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பிக் கிடாரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

கச்சேரி நடக்கும் இடம் மீனவர் ஊரின் ஏலக்கூடம். நான்கு புறமும் திறந்த கூடம். மேலே தகரம், கீழே தண்ணீர் வடியச் சற்றுச் சரித்துப் போட்ட சிமெண்ட் தரை. அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்ததால் பெரிய விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. தடைக்குள் வராத சிறிய ஃபைபர் படகுகளின் மீன் காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். பிற்பகலில் கூடம் காலி. செல்வமணி இந்த ஊர்க்காரர். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி மூன்று மணி முதல் ஐந்து மணிவரை வாங்கியிருந்தார்.

கலியபெருமாள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். கூடத்தின் ஒரு கோடியில் பலகை மேடை. அதற்கு முன்னால் நூற்றைம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், நூல் பிடித்ததுபோல் வரிசையாக. யாரும் கேட்கவில்லை. மைக் செட் என்றால் நாற்காலியும் சேர்ந்துதான் வேனில் ஏறும் என்றார். இங்கே என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசைகளைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். நடுவில் ஒரு வழி விடச் சொல்லி, அங்கே கேமரா முக்காலியை நிறுத்தினேன். நாற்பது ஆண்டுப் பழக்கம். விழா என்றால் படம் இப்படித்தான் என்று கை தீர்மானித்துவிட்டது.

மூன்று மணிக்குச் சுமார் எண்பது பேர் வந்தார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள். குமிழ் ஆறில் நின்றது. முதல் பாட்டு முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். இரண்டாவது பாட்டின்போது ஒருவர் கொட்டாவி விட்டார். நான் எடுத்த நாற்பது படங்களும் ஆண்டு விழாவில் பரிசு வழங்கும் நிகழ்ச்சியைப் போலிருந்தன. ரெஜினாவின் கழுத்து நரம்பு புடைக்கிறது; எதிரே முதல் வரிசையில் ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்லப்போகிறவர்போல் அமர்ந்திருக்கிறார். 3.30 ஆயிற்று. நாலாவது பாட்டு முடிந்து இத்ரீஸ் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. பொய் சொல்லி என்ன பயன்? அவர் முகம் வாடியது. மீதி மூன்று பாட்டுகள்தான் இருந்தன.

எழுந்து நிற்கச் சொல்லி ரெஜினா மைக்கில் கேட்டார். நான்கைந்து பேர் எழுந்தார்கள். பின்னால் இருந்தவர் "மறைக்குது, ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போதுதான் மகளிர் குழுக் கூட்டம் முடிந்து மீன் விற்கும் பெண்கள் முப்பது பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் பாக்கியம், செல்வமணியின் அத்தை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பார்வை பார்த்தார்.

"ஏலக்கூடத்துல எவன்டா நாற்காலி போட்டது?"

"ஃபங்சன்னா சேர் போட வேணாமாக்கா?" என்றார் கலியபெருமாள்.

"இங்க ஒக்காந்தவளுக்கு எந்தக் காலத்துல மீன் கெடைச்சிருக்கு? எழவு வூடு மாதிரி வரிசையா ஒக்காந்திருக்கீங்க! தூக்குடா."

"அத்தே, பாட்டு நடக்குதுத்தே" என்றார் செல்வமணி.

"எங்க நடக்குது? நீ அந்தக் கோடியில கெடந்து தட்டிக்கிட்டு இருக்க. சரக்க நடுவுல கொண்டாங்கடா, அப்பதான என்னான்னு பாக்க முடியும்!"

அந்த ஊரில் ஏலக்கூடத்தின் முறை இது. மீன் நடுவில் கொட்டப்படும். வாங்க வந்தவர்கள் சுற்றி வளையமாக நிற்பார்கள், தோளோடு தோள் இடித்து, முழங்கையால் இடம்பிடித்து, கத்தி. கூடத்துக்குள் உட்காருவது கிடையாது. நாற்காலிகளைப் பார்த்ததும் ஊரார் அந்த முறையை மறந்து விருந்தாளிகளாகிவிட்டிருந்தார்கள். பெண்கள் நாற்காலிகளை வெளியே எறியத் தொடங்கியதும் எல்லாருக்கும் நினைவு வந்துவிட்டது. ஐந்து நிமிடத்தில் தரை காலி. டிரம்ஸை நான்கு பேர் நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். மூவரையும் மீன்குவியல்போல் மையத்தில் விட்டு, நூற்றுப் பத்துப் பேர் வளையம் கட்டினார்கள். முக்காலியை மடித்துத் தூணருகே சாய்த்துவிட்டு, இருபத்து நான்கு மில்லிமீட்டர் அகல லென்ஸை மாட்டிக்கொண்டு நானும் வளையத்துக்குள் நுழைந்தேன்.

"யம்மா, படக்காரம்மா, வுழுந்துடாத" என்று யாரோ என் இடுப்புப் புடவையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிவரை அந்தப் பிடி விடவில்லை. யார் என்று இன்றுவரை தெரியாது.

ஐந்தாவது பாட்டு 'நாளைக்கு வா'. ரெஜினாவே எழுதியது. மொத்தமே நான்கு வரி:

சீல் இல்ல, நாளைக்கு வா
சார் இல்ல, நாளைக்கு வா
கரண்ட் இல்ல, நாளைக்கு வா
நாளைக்கு நான் இல்ல, நீ வா

கூட்டம் நின்றதைக் கண்ட கலியபெருமாள் குமிழை எட்டுக்குத் திருப்பினார். கிடார் கரகரக்கத் தொடங்கியது. இரண்டாம் வரியிலேயே வளையம் 'நாளைக்கு வா'வைத் திருப்பிக் கத்தியது. ஏதாவது ஓர் அலுவலகத்தில் அந்த வார்த்தையைக் கேட்காதவர் அங்கே ஒருவர்கூட இல்லை. கத்தியவர்கள் நெருங்கினார்கள், நெருங்கியவர்கள் இடித்தார்கள், இடிபட்டவர்கள் திருப்பி இடித்தார்கள். சிரித்துக்கொண்டேதான். ஏலத்தில் அப்படித்தான் இடிப்பார்களாம். பாக்கியத்தின் கொண்டை அவிழ்ந்தது. அவர் அதை முடியவில்லை. தலையைச் சுழற்றிக் கத்தினார்.

நான் திரும்பிக் கலியபெருமாளைப் பார்த்தேன். அவர் கண் அந்த அவிழ்ந்த கூந்தலில் இருந்தது. யோசித்ததாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய்க் குமிழைப் பத்தில் நிறுத்தியது.

அதன்பிறகு வந்த ஒலியை விவரிக்க மாட்டேன். தகரக்கூரை அதிர்ந்தது என்பது மட்டும் உண்மை. மேற்கிலிருந்து சாய்ந்து வந்த வெளிச்சம் வளையத்தின் தலைகளுக்கிடையே புகுந்து ரெஜினாவின் முகத்தில் அடித்தது. ஒரு விநாடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வேகத்தில் சுட்டேன், நூற்றெழுபது படங்கள். அந்தப் பாட்டை மூன்று முறை வாசிக்க வைத்தார்கள். மீதி இரண்டையும் வாசித்து 4.25க்கு முடித்தார்கள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து இலேசாகப் புகை வந்தது. கலியபெருமாள் துண்டால் அதை விசிறிக்கொண்டே, "சாமியே வந்த எடத்துல பொட்டி என்ன பண்ணும்!" என்றார்.

இப்போது படத்தை அனுப்பவேண்டும். 4.40க்கு ஆட்டோ பிடித்து, 5.05க்குக் காரைக்காலில் இத்ரீஸ் வீட்டில் மடிக்கணினி முன் அமர்ந்தோம். அவருடைய உம்மா இஞ்சி டீ கொண்டுவந்தார். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது எம்மவனா? பேயறஞ்ச மாதிரில்ல நிக்கிறான்! மாஷா அல்லாஹ், நல்லாருக்கான்" என்றார்.

ஒரே ஒரு படம்தான் அனுப்பலாம். சண்டை அங்கேதான் வந்தது. மூவரும் தேர்ந்தெடுத்தது மூன்று முகங்களும் தெரியும் படம். ஒழுங்கான படம், உயிரில்லாத படம். நான் காட்டியது வேறு. அதில் ரெஜினாவின் திறந்த வாயும் ஒரு கண்ணும். முன்னால் குறுக்காகப் பாக்கியத்தின் முழங்கையும் பறக்கும் கூந்தலும். அதற்கப்பால் இத்ரீஸின் தோள். செல்வமணிக்குக் கையும் குச்சியும் மட்டும். சுற்றிலும் கத்தும் வாய்கள்.

"மேடம், அதுல என் மூஞ்சியே பாதிதான் இருக்கு" என்றார் ரெஜினா.

"பாதி போதும்" என்றேன்.

"எனக்கு மூஞ்சியே இல்ல" என்றார் செல்வமணி.

"உங்க அத்த முழங்கை இருக்குல்ல, அத வச்சிக்க" என்றார் இத்ரீஸ்.

5.40 ஆயிற்று. ரெஜினா இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதுல நான் எப்படி இருக்கேன்னு தெரியல. ஆனா அங்க எப்படி இருந்துச்சுன்னு தெரியுது" என்று சொல்லி, பாதி முகத்தை 5.48க்கு அனுப்பினார்.

திங்கட்கிழமை காலை 10.15க்குக் கும்பகோணம் பேருந்தில் பேரளம் தாண்டிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ரெஜினா.

"மேடம்! கெடச்சிருச்சு! இருபது நிமிசம் குடுத்திருக்காங்க!" பின்னணியில் யாரோ 'ரத்தம் எடுக்க வந்தவங்கள நிக்க வச்சிட்டு என்னம்மா பேச்சு' என்று அதட்டுவது கேட்டது. "படத்தப் பாத்துட்டு உடனே பதில் போட்டுட்டாங்க. சவுண்டு யாரு பண்ணுனதுன்னு கேக்குறாங்க மேடம்!"

"கலியபெருமாள் பெயரைச் சொல்லிவிடுங்கள். இத்ரீஸ் என்ன ஆனார்?"

"வாப்பாக்குப் படத்த அனுப்புனான். ஜூலை வரைக்கும் விசாவப் பத்திப் பேச்சே இல்லன்னுட்டாரு. அவரோட ரூம்ல எல்லாருக்கும் காட்டிருக்காரு போல."

இதேபோன்ற பயணம் போக விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு இரவுத் தங்கல், பேருந்து, ஆட்டோ, உணவு எல்லாம் சேர்த்து எனக்கு 3,650 ரூபாய் ஆயிற்று. மே மாதத்தில் போனால் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெளியே திரியவேண்டாம். மீனவர் ஊர்களில் கேமராவை எடுக்குமுன் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏலக்கூடத்துக்குள் செருப்பு வழுக்கும், வெறுங்காலே பாதுகாப்பு. ஃபிளாஷ் வேண்டாம். தூரத்திலிருந்து பெரிதாக்கும் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு அகல லென்ஸோடு உள்ளே போங்கள். இடிபடப் பயப்படுகிறவர்களுக்குப் பூக்களைப் படமெடுப்பது என்ற நல்ல பொழுதுபோக்கு இருக்கிறது. முக்கியமாக, உங்களைக் கூப்பிட்டவர்கள் தேர்ந்தெடுக்கும் படத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மக்கள் தங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள். அது அவர்கள் உரிமை. படத்தைத் தேடுவது உங்கள் வேலை.

இந்த இசை காரைக்காலில் வளருமா, இன்னும் இரண்டு ஆண்டுகளில் மூவரும் மூன்று நாட்டில் இருப்பார்களா என்று ஆருடம் சொல்ல நான் தகுதியுடையவள் அல்லேன். தொடங்கியது இப்படித்தான் என்பதற்கு மட்டும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. கேமராவைத் தூக்கிய இந்த நாற்பது ஆண்டுகளில் நான் எடுத்தவற்றுள் சிறந்த படம் இதுதான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்துவிட்டு நினைக்கவும்.